கரண்டியக்காவின் வலது கால்

சுவைத்துப் பார்க்க வாயில் வைப்பவரின் முகத்தைக் கரண்டியக்கா பார்ப்பதில்லை, தொண்டையைப் பார்க்கிறார். முகம் மரியாதைக்குச் சிரிக்கும், தொண்டைக்கு அந்த நாகரிகம் தெரியாது. விழுங்கும் நேரத்தில் அது கொஞ்சம் தயங்கினாலும் போதும், மேசைக்கடியில் இருக்கிற குப்பைத்தொட்டியின் மிதியைக் கரண்டியக்காவின் வலது கால் அழுத்திவிடும். மூடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். "போட்டுருங்க சார், இதுக்கெல்லாம் சங்கடப்படாதீங்க" என்பார். தயங்காமல் இறங்கிவிட்டால் கால் அசையாது. இடது கை மட்டும் பின்னால் போய் ஒரு பாக்கெட்டை எடுத்துவந்து, வாங்குபவர் கூடையில் அவரைக் கேட்காமலே வைத்துவிடும்.

பெரிய கடையொன்றின் வாசலுக்கும் காய்கறி அடுக்குக்கும் நடுவில் ஒரு மேசை. மேலே தரை வரை தொங்கும் பச்சைத் துணி. அதன் மேல் மின்னடுப்பு, அடுப்பில் ஒரு சட்டி, பக்கத்தில் ஆவி விட்டுக்கொண்டிருக்கும் கெட்டில், விரல் நீளத்துக்குக் காகிதக் கிண்ணங்கள். கஞ்சி மாவு, சூப் பொடி, தானிய பிஸ்கட் என்று எல்லாவற்றிலும் ஒரே பச்சை இலை. கம்பெனிப் பெயர் வாயில் நுழையாததால் கடைக்காரர்களுக்கு அது 'இலைக் கம்பெனி'. அதன் சரக்கைச் சுவைக்கக் கொடுத்து விற்கிற இவர் அவர்களுக்குக் கரண்டியக்கா.

உட்கார நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் சரக்கும் உட்கார்ந்துவிடும் என்பது கம்பெனியின் சித்தாந்தம். ஆகவே அதே இலை போட்டுப் பாதம் வரை இறங்கும் கம்பெனி மேலாடைக்குள், மகன் போட்டுக் கழித்த ஓட்டப்பந்தய ஷூவை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறார். சாப்பாட்டு நேரத்தில் மேலாடையைக் கழற்றி உட்புறம் வெளியே வருமாறு மடித்து வைப்பார். "இந்த எலையப் பாத்துக்கிட்டே சோறு தின்னா எனக்கு மாடு மேயுற மாதிரி இருக்கு" என்பது அவர் சொல்லும் காரணம். அவர் கணவர் கான்கிரீட் கலவை லாரி ஓட்டியவர், முதுகெலும்பு நகர்ந்து வீட்டோடு இருக்கிறார். வாய் மட்டும் நகரவில்லை. 'ஊருக்கெல்லாம் இயற்கை உணவு, கட்டினவனுக்கு நேத்து வச்ச குழம்பு' என்று அவர் தினமும் வழியனுப்புவதை, அக்காவே அவர் குரலில் நடித்துக் காட்டுவார்.

கம்பெனி அவருக்கு ஒரு பாட்டு சொல்லிக் கொடுத்திருக்கிறது. யார் எதைக் கேட்டாலும் மூச்சு விடாமல் அதுதான் பதில்: "பால் இல்ல, சர்க்கர இல்ல, சாயம் இல்ல, வெந்நீர் ஊத்துனாப் போதும், ரெண்டே நிமிசம்." கடைசி 'நிமிசம்' வரும்போது கை கிண்ணத்தை நீட்டியிருக்கும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. படித்த படிப்புக்கு மரியாதையாக எந்தப் பாக்கெட்டையும் பின்பக்கம் திருப்பிப் படிக்காமல் வாங்கமாட்டேன். இலைக் கம்பெனியின் கஞ்சி மாவில் இருப்பது என்ன தானியம் என்று படித்த அன்று எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் அப்பா முதுகு ஒடிய விளைவித்து, சந்தையில் சீந்துவாரில்லாமல் வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவந்த அதே தானியம். நாங்கள் தின்று தின்று நாக்கு செத்துப்போன தானியம். அதிலிருந்து தப்பிக்கத்தான் நான் பரீட்சைக்கே படித்தேன். அது இங்கே குளிரூட்டிய கடையில், 'இயற்கை' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு, எங்கள் அப்பாவைத் தெரியாதது மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அவர் விளைவித்தது என்ன, செயற்கையா?

இவ்வளவு கோபம் இருந்தும் வாங்கினேன். தனி அறை, ஒரு கெட்டில், காலையில் ஓட வேண்டிய அலுவலகம். வேறு வழியில்லை. அதைவிட, அக்காவின் கிண்ணத்தில் அது அமிர்தமாக இருந்தது. என் அறையில் வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். கெட்டில்மேல் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். "உங்க கைப்பக்குவம் எனக்கு வரலக்கா" என்று ஒருநாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "கையில என்ன தம்பி இருக்கு" என்று வேறு பக்கம் பார்த்தார்.

பச்சைத் துணிக்குக் கீழே என்ன இருந்தது என்பது பின்னால் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பால் இருந்தது, ஒரு டப்பா வெண்ணெயும் இருந்தது. கடை திறக்கும் முன் மாவைப் பாலில் காய்ச்சி, வெண்ணெய் போட்டு இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது கம்பெனியின் உத்தரவு. மேசைமேல் ஆவி விட்ட கெட்டில் வெறும் காட்சிக்கு. அதிலிருந்து ஒரு சொட்டும் சட்டிக்குப் போனதில்லை.

பக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் மாலையில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு இந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். மகளுக்குப் பால் ஆகாது. சும்மா வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத கதை இல்லை, பால் பட்டால் உதடும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் தாயின் கைப்பையில் எப்போதும் ஊசிமருந்து இருக்கும். விடிவதற்குள் வேலைக்கு ஓடுகிற அந்தத் தாய்க்கு, பால் கலக்காத இரண்டு நிமிடக் கஞ்சி என்பது நாக்குருசி சமாச்சாரம் இல்லை. மகள் தானே வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகலாம். ஒருநாள் என்னைப்போல அவளும் பாக்கெட்டின் பின்பக்கத்தை முழுக்கப் படித்தாள். படித்தும் திருப்தியில்லாமல், "அக்கா, இதுல பால் எதுவும் இல்லையே?" என்று கேட்டாள்.

கேட்டது மாவைப் பற்றி. அக்காவின் வாய் சொன்னதும் மாவைப் பற்றி. "பால் இல்ல, சர்க்கர இல்ல, சாயம் இல்ல" என்று பாட்டு தானாக ஓடி, 'ரெண்டே நிமிசம்' என்று முடிந்து, கை தானாக நீண்டு, கிண்ணத்தை அந்தப் பெண்குழந்தையிடம் கொடுத்துவிட்டது. குழந்தை வழித்துத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது. அக்கா பூரித்துப்போய் இன்னொன்றும் கொடுத்தார்.

பணம் கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் தாயும் மகளும் நின்றிருந்தார்கள். குழந்தை கழுத்தைச் சொறிய ஆரம்பித்தது. தாய் திரும்பிப் பார்த்தபோது உதடு இரண்டும் வேறு யாருடையவோ மாதிரி ஆகிவிட்டிருந்தன. என்ன தின்றாய், என்ன தின்றாய் என்று தாய் குழந்தையை உலுக்குகிறாள். கடையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்போது மேசையை இடித்துத் தள்ளிக்கொண்டு கரண்டியோடு ஓடிவந்தார் அக்கா.

"பாலு. நான் குடுத்ததுல பால் இருக்கு தாயி. ஊசி மருந்து எதுவும் வச்சிருக்கியா, போடு. மொதல்ல போடு."

மொத்தக் கடையும் கேட்டது. ஊசி போட்டு, அக்காவே தூக்கிக்கொண்டு ஓடி, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மேலாடையோடு போனார். குழந்தை பிழைத்தது.

கம்பெனி மறுநாளே தொலைபேசியில் பேசியது. 'குழந்தை அதற்கு முன்னால் வேறு ஏதோ தின்றிருக்கிறது' என்று யார் கேட்டாலும் சொல்ல வேண்டுமாம். பால் ஊற்றுவதை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டால் சொல்ல வேண்டிய பதிலைத்தான் மாற்றினார்கள். இதை அக்கா என்னிடம் சொன்னபோது அவர் குரல் உயரவில்லை. என் குரல்தான் உயர்ந்தது. விளைவித்தவனை விட்டாயிற்று, தின்ன வந்த குழந்தையையும் விட்டாயிற்று. இவர்களுடைய இயற்கையில் இன்னும் என்னதான் மிச்சம் இருக்கிறது? அக்காவிடம் இதையெல்லாம் பொரிந்து தள்ளினேன். அவர் சூப் பொடியை அடுக்கிக்கொண்டே, "கத்தி முடிச்சிட்டியா? அந்த டப்பாவ இப்பிடி எடு" என்றார்.

சில நாள் கழித்துத் தாயும் மகளும் வந்தார்கள். தாய் சண்டை போடவில்லை. பாக்கெட்டில் இருக்கிற மாவை நம்பி மகளுக்கு வாங்கலாமா, வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். மாவில் பால் இல்லை, ஊற்றியது நான்தான் என்றார் அக்கா. குழந்தை தாயின் இடுப்புக்குப் பின்னால் நின்றிருந்தது. அக்கா அதைப் பார்த்துச் சிரித்ததும், உள்ளங்கையால் தன் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. அவ்வளவுதான். திட்டியிருந்தால் அக்கா திருப்பி ஏதாவது சொல்லியிருப்பார்.

அடுத்த நாள் காலை கெட்டிலுக்கு வேலை வந்தது. பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்கு வெந்நீர், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்கு மாவு. கிண்ணத்தை நீட்டும்போது அக்கா பழைய பாட்டைப் பாடவில்லை. "வீட்டுல எப்பிடி வருமோ அப்பிடியே வச்சிருக்கேன். தின்னுப் பாத்துட்டு எடுங்க" என்றார். தின்று பார்த்தார்கள். வலது காலுக்கு ஓய்வில்லாமல் போயிற்று. நான் ஒருவன் மட்டும் அந்த நனைந்த அட்டைப்பெட்டிச் சுவையில் பரம நிம்மதி அடைந்தேன். என் கெட்டில் குற்றமற்றது.

பாக்கெட்டுகள் நகரவில்லை என்றதும் மேலதிகாரி நேரில் வந்தான். என் வயதுதான் இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் பச்சை இலை அட்டை. அவனும் அவன் வீட்டில் முதல் பட்டதாரியாக இருக்கக்கூடும். அந்த எண்ணமே எனக்குக் கோபத்தைக் கூட்டியது. கூடையோடு அங்கேயே நின்றுவிட்டேன். வாங்க வந்த இன்னும் சிலரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

அவன் மேசைத் துணியைத் தூக்கிக் கீழே பார்த்தான். பால் இல்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆயிரத்தில் ஒருத்தர்தான், அதற்காக மீதிப் பேரின் வாயைக் கெடுப்பது நியாயமா என்று மெதுவாக, நல்ல பிள்ளை போலக் கேட்டான்.

"அந்த ஒருத்தி என் கையாலதான தின்னா" என்றார் அக்கா.

அவன் குரலைத் தாழ்த்தினான். அக்காவின் அனுபவத்தைக் கம்பெனி மதிக்கிறது, வீட்டு நிலைமையும் தெரியும், ஆனால் இந்த இடத்தில் நிற்க வேறு ஆள் தயாராக இருக்கிறது, நாளைக் காலையில் சட்டியில் பால் இருக்க வேண்டும் என்றான். கணவரின் முதுகு, மகனின் பரீட்சைக் கட்டணம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தன. அக்கா கரண்டியால் ஒரு கிண்ணத்தை நிரப்பினார்.

"பால் இல்லாட்டி நல்லா இருக்காதுன்னு சொல்றீங்களா சார்?"

"அப்படி யாரு சொன்னா? நம்ம பொருள் நல்ல பொருள்தான்."

"அப்ப தின்னுப் பாருங்க."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டேன் என்றான். அக்கா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. இத்தனை நாளும் எத்தனையோ பேரிடம் நீட்டிய அதே உயரத்தில், அதே சாய்வில், அவன் நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நின்றார். சுற்றி நின்றவர்களில் ஓர் அம்மாள், "ஒரு வாய்தானப்பா" என்றார். வேறு வழியில்லாமல் வாங்கி, ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான், இன்னும் விழுங்காமல்.

அக்கா அவன் சிரிப்பைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் அந்தப் பழைய ஷூ அசைந்தது. மூடி திறந்துகொண்டது.