பாதித் தீர்ப்பில் எழுந்து வந்தவள்

சலவைக்கடையில் அவளுக்கு நத்தை என்று பெயர். யாராவது நிமிர்ந்து பார்த்தால் போதும், தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். எட்டாம் வகுப்பில் ஆசிரியை எல்லார் முன்னாலும் பாடச் சொன்னாள் என்று மறுநாளே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். "நான் பாடியிருந்தா பள்ளிக்கூடமே ஓடியிருக்கும். ஒருத்தி ஓடினதோட போச்சு" என்று தானே சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டாள். அவளுக்கே நம்ப முடியவில்லை.

வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதி, பத்திரப்பதிவு அலுவலகத்தில் உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். பழைய அரசாங்கம் போகிற போக்கில் நியமன உத்தரவில் கையெழுத்தும் முத்திரையும் வைத்தது. கொடுப்பதற்குள் ஆட்சி மாறிவிட்டது. "அவங்க போட்டது நமக்கெதுக்கு?" என்று புது மந்திரி உத்தரவை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். இஸ்திரிப் பெட்டியோடு நின்று நின்று நரம்பு சுருண்ட கால்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கும் என்று இருந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"இதுக்கு நேரா தலைமை நீதிமன்றத்துக்கே போகலாம்னு சட்டம் இருக்கும்மா" என்றார் வக்கீல். பஸ் ஓட்டும் புருஷனும் தலையாட்டினான். "மேல இருக்கறவங்களுக்கு இல்லாத அதிகாரமா?"

தீர்ப்பு நாளில் கடைசி பெஞ்சின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள். தலைமை நீதிபதி வாசித்தார். உத்தரவு செல்லும். வேலை இவளுடையதுதான். கொடுக்காமல் வைத்துக்கொண்டது சட்டவிரோதம். அந்த இடத்தில் கூடமே திரும்பி இவளைப் பார்த்தது. அத்தனை கண்கள்! காது சூடாகிவிட்டது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தவள், தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சே விட்டாள்.

நேரே சலவைக்கடை.

"அக்கா, ஜெயிச்சிட்டேன். நாளையிலேர்ந்து வரமாட்டேன்."

"அடிப்பாவி! வாயெல்லாம் இருக்கா உனக்கு?" என்றாள் கடைக்கார அக்கா.

"இனிமே இந்தப் பெட்டிய நீங்களே தூக்குங்க. அப்பத்தான் தெரியும்."

பிறந்ததிலிருந்து அவள் ஒருவரை எடுத்தெறிந்து பேசியது அந்த ஒரு தடவைதான். அதற்கும் நல்ல நாளாகப் பார்த்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் வக்கீல் பூரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"வரலாறு படைச்சிட்டீங்கம்மா! இனிமே சட்டம் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் உங்க வழக்கைப் படிச்சாகணும்."

"எப்ப வேலைக்கு வரச் சொன்னாங்க சார்?"

வக்கீல் விழித்தார். "நீங்க முழுசா கேக்கலையா? நியாயம் உங்க பக்கந்தான்னாங்க. ஆனா நேரா வர்ற வழக்குல மந்திரிக்கு உத்தரவு போடற அதிகாரத்த அரசியலமைப்பு தங்களுக்குத் தரலைன்னுட்டாங்க. தர்றேன்னு சொன்ன சட்டமே செல்லாதாம். இல்லாத அதிகாரத்த யார் கொடுத்தாலும் வாங்க மாட்டோம்னு ஒரு கோர்ட்டே சொல்லியிருக்கும்மா!"

"அப்ப, பசிக்குதான்னு கேட்டு, உன் பசி நியாயமான பசிதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்றான் புருஷன்.

"கீழ்க்கோர்ட்டுல முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றார் வக்கீல், குரலைத் தாழ்த்தி.

அவளுக்கு நீதிபதிகள் மேல் கோபம் வரவில்லை. தங்கள் கை எதுவரை நீளும் என்று பார்த்து, அங்கேயே நிறுத்திக்கொண்ட பெரிய மனிதர்கள் அவர்கள். பாதியைக் கேட்டுவிட்டு முதலாளியைப் பெட்டி தூக்கச் சொன்ன மகாராணியை நினைத்தால்தான் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் காலை கடைவாசலில் நின்றாள்.

"வாங்க மேடம். ஆபீஸ் லீவா?"

தரையைப் பார்த்தபடி நடந்ததைச் சொல்லி முடித்தாள். அக்கா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீயா விட்டுட்டுப் போனவ. உனக்கு இங்க ஒரு உரிமையும் கிடையாது."

"கிடையாதுக்கா."

"ஆனா எனக்கு அதிகாரம் இருக்கு. எவனையும் கேக்க வேணாம். எடுடி பெட்டிய."

பெட்டி வழக்கம்போலக் கனத்தது. ஒரு சட்டையைத் தேய்த்து மடித்த பிறகு, நிமிராமலே சொன்னாள்: "அக்கா, வியாழக்கிழமை லீவு வேணும். கீழ்க்கோர்ட்டுக்குப் போகணும்."

"மறுபடியுமா?"

"வேலை என்னோடதுதான்னு சொல்லியிருக்காங்கல்ல. அந்தப் பாதியை நான் நல்லாக் கேட்டேன்."

அக்கா அடுத்த சட்டையை அவள் பக்கம் தள்ளினாள். "நானும் வரேன். சுவர் பக்கம் நீ உக்காரு. வெளிய போற பக்கம் நான் உக்காந்துக்கறேன்."