ஒகாயெரி என்ற மறுமொழி

வீட்டுக்குத் திரும்பியவர் வாசலில் நின்று "ததைமா" என்று சொல்ல வேண்டும். வந்துவிட்டேன் என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் "ஒகாயெரி" என்று வரவேற்க வேண்டும். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் மட்டும் இந்த இரண்டு யப்பானியச் சொற்களும் புழக்கத்தில் இருந்தன. கொண்டுவந்தவர் சித்தப்பா.

துறைமுக வேலைக்கு வந்திருந்த யப்பான் பொறியியலாளர் ஒருவருக்கு அவர் சாரதி. மாலையில் அவரை உப்புவெளி விடுதியில் இறக்கிவிடுவார். அந்த மனிதர் பூட்டைத் திறந்து, ஆளில்லாத அறையைப் பார்த்து "ததைமா" என்பாராம்.

"பாவம், மறுமொழி சொல்ல ஒரு சனமில்லை" என்று சித்தப்பா வருத்தப்பட்டார். மறுநாளே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்து, எங்கள் வாசலில் அதைச் சொல்லத் தொடங்கினார். மறுமொழி கிடைக்கும்வரை செருப்பைக் கழற்ற மாட்டார். குசினியில் சமையல் வேலையாக இருக்கும் சித்திக்கு எரிச்சல் வரும்.

"உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணி ஆறுது."

"ததைமா!"

"யப்பான்காரருக்குப் பிட்டு இறங்காது போல. பிள்ளையளுக்குக் குடுக்கட்டோ?"

"ததைமா!"

"ஐயோ, ஒகாயெரி! இனியாவது வாங்கோ."

நான் அவர்களுக்கு நடுவர். யார் முதலில் சொல்வது, யார் பிறகு என்பதில் எனக்குப் பிழை பொறுக்காது.

ஒருநாள் காலை வேலைக்குப் போன சித்தப்பா திரும்பவில்லை. நாட்டில் சண்டை நடந்த காலம். பாதையில் மறித்து ஏதோவொரு வாகனத்தில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அப்பாவும் சித்தியும் விசாரிக்காத இடமில்லை. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றே எல்லா இடத்திலும் சொன்னார்கள். யப்பான்காரரும் தன் நாட்டுக்குப் போய்விட்டார்.

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மாலை, முன்னறைக் கதிரையில் இருந்து பள்ளிக்கூடக் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். ஒழுங்கையில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சித்தி மா ஒட்டிய கையோடு குசினியிலிருந்து வந்து, வெறும் வாசலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"ஒகாயெரி."

"சித்தி, அது பிழை" என்றேன். "வந்தவர்தான் முதல் சொல்லவேணும். பிறகுதான் நீங்கள்."

"ஓம் பிள்ளை, தெரியும். அடுத்தமுறை சரியாச் சொல்லுறன்."

திருத்திவிட்ட திருப்தியோடு நான் கணக்குக்குத் திரும்பினேன். சித்தி உடனே உள்ளே போகவில்லை. வந்த ஒருவர் செருப்பைக் கழற்றும் அளவு நேரம், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த மா காய்ந்துவிடுமே, பிட்டு பிந்திவிடுமே என்பதுதான் அப்போது என் கவலை.