எங்கள் நேரத்தை எங்களிடம் கேட்க வேண்டும்

பாலாவிச் சந்தியில் உள்ள ஒரு பெரிய பலசரக்குக் கடையில் நான் அரைநாள் வேலைக்காரி. கவுண்டரில் இருந்து பில் போடுவதும், சனம் குறைந்த நேரத்தில் தட்டுகளில் சாமான் அடுக்குவதும் என் வேலை. என்னைப்போல் இன்னும் மூன்று பெண்கள். இரண்டு பேர் காலையில், நானும் இன்னொருத்தியும் பின்னேரம். அரைநாள் வேலை செய்தால் அரை மனுசி என்று கடையில் நினைத்துக்கொண்டார்கள் போலும். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது பொய்யில்லை.

வேலை நேரம் வட்ஸ்அப் குழுவுக்கு வரும். வந்தது அப்படியே நின்றால் நல்லது, ஆனால் நினைத்த நேரத்துக்கெல்லாம் மாறும். தில்லையடியில் பஸ் ஏறி பாலாவியில் இறங்கும்போது போன் சிணுங்கும். இன்று பின்னேரம் வேலை இல்லை, நாளைக் காலை வாருங்கள் என்று இருக்கும். வெயிலில் நின்று, லொறிகள் கிளப்பும் புழுதியைத் தின்றுகொண்டு, திரும்பிப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருப்பேன்.

"இப்பிடிக் கடைசி நேரத்துல மாத்தினா நாங்க என்ன செய்ற சேர்?" என்று ஒருநாள் மேலாளரிடம் கேட்டேன். அவர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர். நன்றாகத் தமிழ் பேசுவார், எங்களைத் தங்கச்சி என்ற அர்த்தத்தில் நங்கி என்பார், ஒருபோதும் சத்தம் போட மாட்டார்.

"மெசேஜப் பாத்தீங்கதானே நங்கி? நீலச் சரி விழுந்திருக்கு. பாத்தாச் சம்மதம்தானே" என்றார் சிரித்தபடி.

வந்த ஆத்திரத்தில் அன்று பருப்புப் பைக்கற்றுகளை நான் அடுக்கிய சத்தம் சந்திவரைக்கும் கேட்டிருக்கும்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. ஒருத்தியிடம் இருந்து வெட்டிய நேரம் இன்னொருத்திக்குப் போகும். எல்லார் வீட்டிலும் பணமுடை. முந்திக்கொண்டு "வாறன் சேர்" என்று பதில் போடுகிறவளுக்கு வேலை கிடைக்கும். ஒன்றாக இருந்து சோறு தின்ற நாங்கள் ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்க்கத் தொடங்கினோம்.

எங்களில் ஒருத்தி மாம்புரியில் இருந்து வருவாள். கத்தோலிக்கப் பிள்ளை, புருசன் கடலுக்குப் போகிறவன். எங்கள் முஸ்லிம் ஆட்கள் அக்காவை அழைப்பதுபோல என்னை ராத்தா என்று கூப்பிடுவாள். அவளுடைய சின்ன மகளுக்குக் காது கேட்காது, நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. காதுக்கு மெஷின் பூட்ட ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் திரும்பவும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். நாள் கிடைத்த உடனேயே அவள் மேலாளரிடம் சொல்லி லீவும் வாங்கிவிட்டாள்.

காலை ஆட்கள் போவதும் பின்னேர ஆட்கள் வருவதும் ஒரே நேரம் என்பதால், மத்தியானம் கடைக்குப் பின்னால் உள்ள ஸ்டோரில் நால்வரும் ஒன்றாக இருப்போம். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான்தான் கதையைத் தொடங்கினேன்.

"இனி ஒருத்திட நேரத்த மத்தவ எடுக்கிறதெண்டா, அந்த ஒருத்தி தன்ட வாயால சொல்லணும். சேர் சொன்னாக் காணாது."

எங்கள் தில்லையடிப் பிள்ளை ஒருத்தி, இன்னும் கலியாணம் ஆகாதவள், விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன ராத்தா, நிக்காஹ்வுக்குப் பொண்ணுட்டச் சம்மதம் கேக்கிற மாதிரியா?"

"ஓம், அப்பிடித்தான். நேரம் அவட. அவட்டத்தான் கேக்கணும்."

நான்காவது ஆள், சண்டைக்காலத்தில் வன்னியில் இருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட அக்கா, சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "சொல்லுறது லேசு. சேர் கூப்பிட்டுக் கேட்டால் வயிறுதான் பதில் சொல்லும்" என்றார். பிறகு, "சரி, நானும் நிக்கிறன்" என்றார்.

மாம்புரிக்காரி தன் பார்சலில் இருந்த மீன் பொரியலை எடுத்து எங்கள் மூவருக்கும் பிய்த்து வைத்தாள்.

அது தலவிலத் தேவாலயத் திருவிழாக் காலம். யாத்திரைக்காரர்களின் வேன்கள் எல்லாம் பாலாவியில் நின்று தண்ணீரும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டுதான் போகும். வியாழக்கிழமை பொழுதுபட்டு மஹ்ரிப் தொழுதுவிட்டு எழும்பினேன், போன் அடித்தது. மாம்புரிக்காரி அழுதுகொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைல வரட்டாம் ராத்தா. முழுநாள் வேலை செய்ற பிள்ளைக்குக் காய்ச்சலாம். ஏற்கனவே லீவு தந்தீங்க எண்டு சொன்னன். வராட்டி இனி வரவே வேணாமாம். கிளினிக்க விடட்டா?"

"விடாத. பிள்ளையக் கூட்டிட்டுப் போ. காலைல உனக்குப் பதிலா நான் நிக்கட்டா? நீ சொல்லு."

மூக்கை உறிஞ்சினாள். "நில்லுங்க ராத்தா" என்றாள்.

போனை வைத்த சுருக்கில் மேலாளர் கோல் எடுத்தார். "நங்கி, அவங்க சரிவர மாட்டாங்க. நாளைக்கு நீங்க வாங்க. இனி அவங்கட நேரமும் உங்களுக்குத்தான்."

உப்பளத்தில் வேலை செய்யும் என் கணவர் காலில் அடிபட்டு வீட்டில் இருந்த நாட்கள் அவை. காலையும் பின்னேரமும் வேலை கிடைத்தால் வீட்டுப் பாடு எவ்வளவோ சுகம். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசை வந்தது.

"நாளைக்கு வாறன் சேர், அவ தன்ட வாயால சொல்லியிருக்கா. ஆனா அவட நேரம் அவக்குத்தான். அத நான் எடுக்க மாட்டன்."

அவர் போனை வைத்துவிட்டார். கணவர் என்னைப் பார்த்தார். "சரியாத்தான் சொன்னீங்க" என்றார்.

மேலாளர் அதன்பிறகு மற்ற இருவருக்கும் எடுத்திருக்கிறார். இருவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். "கை நடுங்கிச்சுது, வாய் நடுங்கேல்ல" என்று வன்னி அக்கா பிறகு சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை கடையில் கால் வைக்க இடமில்லை. மேலாளர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கூட்டம் சற்று அடங்கியதும் கவுண்டருக்கு வந்தார்.

"நீங்க எல்லாம் கூடிக் கதைச்சீங்களா?"

"ஓம் சேர், கூடித்தான் கதைச்சம்."

"இந்த வேலைக்கு வெளிய எத்தினை பேர் நிக்கிறாங்க தெரியுமா?"

"வரச் சொல்லுங்க சேர். வந்தா அவங்களுக்கும் நாங்க இதத்தான் சொல்லிக் குடுப்பம்."

கொழும்பில் இருந்து அவரையும் யாரோ போனில் விரட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த விரட்டு எங்கள் தலையில்தான் வந்து விழ வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அதைக் கேட்க எனக்கு வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியவள் நானும் இல்லை.

பின்னேரம் மாம்புரிக்காரி ஆஸ்பத்திரி வாசலில் இருந்து எடுத்தாள். மெஷின் பூட்டியாயிற்றாம். ரோட்டில் ஒரு லொறி ஹோர்ன் அடிக்க, பிள்ளை திடுக்கிட்டுத் தாயைக் கட்டிப் பிடித்து வீரிட்டு அழுததாம். நானும் தில்லையடிப் பிள்ளையும் கவுண்டரில் நின்றபடியே அழுதோம். வரிசையில் நின்ற ஒரு யாத்திரைக்காரர், என்ன மகள், செத்த வீடா என்று கேட்டார். இல்லை, சந்தோசம் என்றோம்.

மறுநாள் அவள் வழக்கமான நேரத்துக்கே வந்தாள். உள்ளே வரவா விடவா என்று கதவடியில் நின்றாள். எங்களில் இரண்டு பேருக்கு அது வேலை நேரம் இல்லாவிட்டாலும் நாங்கள் மூவரும் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றோம். மேலாளர் எங்களைப் பார்த்தார், வெளியே திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தார். கவுண்டர்ச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம் ஸ்டோர்க் கதவைத் தட்டினார். அதுவரை அவர் அந்தக் கதவைத் தட்டியதே இல்லை. எங்களைத் தாண்டி நேரே மாம்புரிக்காரியிடம் கேட்டார். "நங்கி, வாற செவ்வாய்க்கிழமை உங்கட காலை ஷிப்ட்ட பின்னேரத்துக்கு மாத்த ஏலுமா?"

அவள் வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"யோசிச்சிட்டு நாளைக்குச் சொல்றன் சேர்" என்றாள்.

"சரி நங்கி" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.