புகைக்கு ஏது விரல்?

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. நேரமெல்லாம் தீயணைப்பு நிலையப் பதிவேட்டில் இருக்கிறது.

பனி கொட்டும் ரேஸக்னே ஊர்ப் பக்கம் நாங்கள் குளிருக்கு முன்பு, கூரைக்கடியில் பரணுக்குள் நிற்கும் புகைபோக்கிக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அழகுக்காக அல்ல. விரிசல் விட்டுப் புகை கசிந்தால், வெள்ளையில் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் புதிதாக வாங்கிய பழைய வீட்டிலும் என் கணவன் டொனாட்ஸ் அக்டோபரில் அடித்தான்.

மறுநாள் மாலை. வெள்ளையின் மேல் ஒரு கறுப்புக் கை. ஐந்து விரல்களும் தெளிவாக.

"கையைக் கழுவிட்டு மேல ஏற மாட்டியா?" என்றேன்.

"நான் இன்னிக்கு ஏறவே இல்லையே, வெரா."

மேலே இன்னொரு பூச்சு பூசினான். அடுத்த நாள் அதே இடத்தில், அதே கை. மறுபடி பூசினான். மறுபடி வந்தது.

கொத்தனார் எய்ஜென்ஸ் வந்து தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"கசிஞ்சா கோடு கோடா இறங்கும்மா. புகைக்கு ஏது விரலு? என்னைவிட்டுட்டுப் பாதிரியாரைக் கூப்பிடுங்க. அவருக்கு ஒரு கிண்ணம் சூப் போதும்."

பாதிரியாரையே கூப்பிட்டோம். புனித நீர் தெளித்தார். ஒரு செங்கல்லைப் பெயர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வெறும் கறையாக இருந்திருந்தால் பெயர்த்திருப்போம்.

ஜனவரி 14. வெளியே மைனஸ் இருபத்தாறு. அடுப்பு நிறைய விறகு.

மாலை 6.20. புகைபோக்கிக்குள் இரைச்சல். ரயில் வருவதுபோல...

"உள்ள கரி பத்திக்கிச்சு! தண்ணி ஊத்திடாத, வெடிச்சிடும்! அடுப்புக் கதவைச் சாத்து, போன் போடு!"

கத்திக்கொண்டே மணல் வாளியோடு டொனாட்ஸ் பரணேறினான்.

6.24. போன் செய்துவிட்டு நானும் ஏணியில் ஏறினேன். தலைக்கு மேலே பரணின் பலகைக் கதவு மூடிக் கிடந்தது. தள்ளினேன். ஓர் அங்குலம் எழுந்தது.

மேலிருந்து யாரோ அழுத்தினார்கள்.

"டொனாட்ஸ்! விடுடா!"

அழுத்தம் மட்டும்...

தோளால் முட்டினேன்.

அசையவில்லை.

பலகைக்கு அந்தப்பக்கம் மூச்சுச் சத்தம்... மெதுவாக... நிதானமாக...

6.41. தீயணைப்புக்காரர்கள் என்னைப் பிய்த்து இறக்கினார்கள்.

பிறகு புகைபோக்கியை உடைத்தார்கள். கை வந்த இடத்துக்கு நேர் பின்னால், கூரையின் மர உத்திரத்தின் முனையைப் புகை போகும் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டியிருந்தான், அந்தக் காலத்தில் வீடு கட்டிய எவனோ. மேலே விரலளவு பூச்சு. அந்த மரம் மாதக்கணக்கில் உள்ளே கனன்றிருக்கிறதாம்.

டொனாட்ஸின் அடக்கம் முடிந்த மறுநாள், பரண் கதவைத் திறந்த தீயணைப்பு வீரரிடம் சொன்னேன்:

"கடைசிவரைக்கும் என்னை மேல வரவிடல அவன்."

அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவரு கதவுகிட்ட இல்லக்கா. புகைபோக்கிக்கு அந்தாண்ட கிடந்தாரு. ஏறின ரெண்டாவது நிமிஷமே புகையில விழுந்திருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு."

"அப்ப கதவு...?"

"அதுல தாழ்ப்பாளே கிடையாதுக்கா. லேசாத்தான் தள்ளினேன். திறந்துக்கிச்சு."