வளைவில் முனகிய ஜீப்

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் மாட்டு டாக்டராக இருந்தேன். அரசு வேலை இல்லை. ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய நடமாடும் மருத்துவப் பிரிவு. அதில் நான், ஒரு டிரைவர், ஒரு ஜீப். எங்களை ஆட்டிவைக்கும் மேலாளர் விழுப்புரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பொம்பளை மாட்டு டாக்டரை வேடிக்கை பார்ப்பதற்காகவே சில ஊர்களில் நோயில்லாத மாட்டையும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். நான் தோள்வரை உறையை மாட்டிக்கொண்டு மாட்டின் பின்பக்கம் போனதும், சுற்றி நின்ற ஆண்கள் எல்லோருக்கும் திடீரென்று வானத்தில் ஏதோ தெரியும்.

ஜீப் ராணுவ ஏலத்தில் எடுத்தது. எந்தப் போரில் தோற்று வந்ததோ, அதன் உடம்பில் ஒட்டுப் போடாத இடம் இல்லை. ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று மேலாளருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. டிரைவருக்கு அந்தப் பெருமை கிடையாது. அவர் விக்கிரவாண்டிக்காரர், வயது நாற்பதுக்கு மேல், அதில் பாதியை லாரியில் கழித்தவர்.

“பின்னாடி ரெண்டு சக்கரம் தள்ளுனா போதும்மா. முன்னாடி ரெண்டும் இழுக்க ஆரம்பிச்சா ஆளுக்கொரு பக்கம் பூடும்” என்பார்.

அந்தச் சத்தம் ஒரு மழைக்காலத்தில் வந்தது. வண்டி நேராகப் போனால் பெரிதாக ஒன்றும் இருக்காது. தெருமுனையில் திரும்பினால் அடியிலிருந்து முனகல் கிளம்பும். மூன்று நாளாகச் சாணி போடாத எருமை முனகுமே, அதே சுருதி. இன்னும் கொஞ்சம் வளைத்தால் டயர் கீச்சிடும். கடைசியில் ‘டங்’ என்று ஒரு அடி. அந்த அடி என் உச்சந்தலைவரை ஏறும். ஸ்டீயரிங் வேறு கல்லாகக் கனத்தது. டிரைவர் எழுந்து நிற்காத குறையாகத் திருப்புவார்.

சத்தம் போடும் வண்டியைப் பார்த்தால் வைத்தியம் சொல்லாத ஆண்பிள்ளை இந்த வட்டாரத்தில் பிறக்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டேன். விக்கிரவாண்டியில் டீ குடிக்க நின்றோம். இரண்டு லாரி டிரைவர்கள் கிளாஸைக் கீழே வைக்காமலேயே, ஒருவர் முன்சக்கர பேரிங் என்றார், மற்றவர் கியர்பாக்ஸ் என்றார். டீக்கடைக்காரர் பெட்ரோலில் தண்ணீர் என்றார். பக்கத்தில் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்த ஒருவர், “வண்டிக்கு வயசாயிடுச்சி, நீங்க வேற அதப் போட்டு இம்சை பண்ணிக்கினு” என்று எழுந்து போய்விட்டார்.

விழுப்புரத்துப் பட்டறையில் கிரவுன் போய்விட்டது என்றார்கள். பின்அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்குத்தான் அந்த ராஜமரியாதைப் பெயர். கழற்றினார்கள். பல்சக்கரம் பல் விளக்கியதுபோலப் பளபளத்தது. மறுபடி மாட்டிவிட்டு, “இனிமே பாருங்க, சத்தமே இருக்காது” என்றார்கள். பட்டறை வாசலிலேயே திரும்பும்போது ‘டங்’. திண்டிவனத்துப் பட்டறையில் கியர் எண்ணெயை மாற்றினார்கள், இணைப்புத் தண்டின் முனையில் ஒரு ஜாயிண்டைப் புதிதாகப் போட்டார்கள். முனகல் அப்படியே இருந்தது. டிரைவர் தன் பங்குக்கு எலுமிச்சம்பழம் வைத்து நான்கு சக்கரத்தையும் ஏற்றி நசுக்கினார். அதுவும் பலிக்கவில்லை. அவர் எடுத்த முடிவு, பழம் அழுகல் என்பது.

இதற்குள் செய்தி மேலாளர் காதுக்குப் போய்விட்டது. ஜீப்பை விற்றுவிடலாம், டாக்டர் பஸ்ஸில் போய்வரட்டும் என்று அவர் பேசுவதாக விழுப்புரம் அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. கன்று இழுக்கும் சங்கிலியும், காளைக்குக் காயடிக்கும் இடுக்கியும், உறைவிந்துக் குடுவையுமாக டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் எந்த இடத்தில் இறக்கிவிடுவார் என்று யோசித்துப் பார்த்தேன். அன்றே ஜீப்புக்கு நானே வைத்தியம் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வாய் பேசாத நோயாளியிடம் விசாரிக்கத் தெரியும். மாட்டுக்காரரிடம் கேட்கிற கேள்விகளை டிரைவரிடம் கேட்டேன்.

“சத்தம் எப்போ வருது?”

“வரும்போது வருதும்மா.”

“நேரா போகும்போதா, திரும்பும்போதா?”

“திரும்பும்போது.”

“எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும்.”

“எல்லா ரோட்டுலயுமா?”

அவர் தலையைச் சொறிந்தார். “அதான் எனக்கும் பேஜாரா கீது. கெடார் ஊர்ல சேத்துல பூந்து வந்தோமே, அன்னிக்கு எத்தினி திருப்பு திருப்புனேன். ஒரு சத்தம் இல்ல. தார் ரோட்ல ஏறுனதும் அழுவ ஆரம்பிச்சிடுச்சி.”

இது நல்ல செய்தி. தார்ச்சாலையில் வலி, சேற்றில் வலி இல்லை. மறுநாள் தெரிந்த ஒருவரின் அரிசி ஆலைக்குப் போனோம். அங்கே நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் இருந்தது. பக்கத்திலேயே மழையில் ஊறிய காலி நிலமும் இருந்தது. நான் ஜீப்பின் பின்பக்கம் குப்புறப் படுத்து, ஸ்டெதாஸ்கோப்பைத் தரைத்தகட்டில் வைத்துக்கொண்டேன். டிரைவர் களத்தில் வட்டமடித்தார். காதுக்குள் ஒரு பட்டாளமே தகரத்தட்டை அடித்துக்கொண்டு ஓடியது. ஸ்டெதாஸ்கோப்பால் எந்தப் பயனும் இல்லை, காதுதான் ஒரு வாரம் ரீங்கரித்தது. ஆலைக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா டாக்டரம்மா, உள்ள மாடு கீதா?”

“இல்லீங்க. வண்டிக்குப் பாக்குறேன்.”

“சினையா?” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

சிமெண்டில் வட்டமடித்தபோது முனகல், கீச்சு, ‘டங்’ மூன்றும் வந்தன. ஈர நிலத்தில் அதே வட்டம், அதே வேகம், சத்தமே இல்லை. ஆனால் இறங்கிப் பார்த்தபோது சேற்றில் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டே போன தடம் இருந்தது. ஆக, வழுக்க இடம் இருந்தால் வண்டி வாயைத் திறப்பதில்லை. வழுக்க இடம் இல்லாவிட்டால் கத்துகிறது. ஏதோ ஒன்று சக்கரங்களை அவற்றின் போக்கில் விடாமல் இழுத்துப் பிடிக்கிறது என்று தோன்றியது.

“இது மொதல்ல எப்போ ஆரம்பிச்சது?”

“பிரம்மதேசம் கேம்ப்புக்கு அப்புறம்மா. ஏரிக்குள்ள மாட்டிக்கினோமே.”

எனக்கும் ஞாபகம் இருந்தது. ஏரிக்கரையில் மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டுக் குறுக்குவழியில் கிளம்பி, களிமண்ணில் அச்சுவரை புதைந்தோம். ஊரே இறங்கித் தள்ளியது. தள்ளியவர்களில் பாதிப்பேர் எதிர்ப்பக்கம் தள்ளினார்கள்.

“அப்போ நீங்க உள்ள என்ன பண்ணீங்க?”

“நான் இன்னா பண்றது? கோவத்துல கைக்குச் சிக்குன கம்பி அல்லாத்தையும் இழுத்தேன். அப்புறம் சனம் தள்ளுச்சி, வெளிய வந்துட்டோம்.”

கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இரண்டு கம்பிகள் இருந்தன. எந்தக் கம்பி எதற்கு என்று எழுதியிருந்த தகடு எப்போதோ விழுந்துவிட்டது. அவை சும்மா இருக்கிற கம்பிகள் என்பது டிரைவரின் சித்தாந்தம். மேலாளர் பீற்றிக்கொள்ளும் நான்கு சக்கர இழுவை அதில் ஒன்றில்தானே இருக்க வேண்டும்? ஏரியில் அவர் இழுத்ததில் முன்சக்கரங்களும் பூட்டிக்கொண்டன. ஊர்சனம் தள்ளியதால் வெளியே வந்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டோம். உண்மையில் அன்று நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்திருக்கிறது. வளைவில் முன்சக்கரம் பெரிய வட்டம் போட வேண்டும், பின்சக்கரம் சின்ன வட்டம். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டால் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு முனகாமல் என்ன செய்யும்?

இதை நான் சொன்னபோது வண்டி மறுபடி சிமெண்டுக் களத்தில் ஏறி நின்றது. டிரைவர் இரண்டில் இழுத்தபடியே நின்ற கம்பியைப் பிடித்துத் தள்ளினார். அசையவில்லை. நானும் சேர்ந்து தள்ளினேன். ஆலைக்காரரும் வந்து தள்ளினார். மூன்று பேர் மூச்சிரைத்ததுதான் மிச்சம்.

“பாத்தீங்களா? அது சும்மா கீற கம்பிதாம்மா” என்றார் டிரைவர், ஜெயித்துவிட்ட குரலில். என் நோய்க்கணிப்பு அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வாரமே மேலாளர் திண்டிவனத்துக்கு வந்தார். சஃபாரி சூட், கையில் தோல்பை. ஜீப்பில் உட்கார்ந்து விழுப்புரம்வரை போய்ப் பார்த்துவிட்டு அதன் தலைவிதியை எழுதப்போவதாகச் சொன்னார். அவர் காதில் விழாதபடி டிரைவர் என்னிடம், “கவலப்படாதீங்க. திருப்பாமயே ஓட்டிக்கினு போறேன்” என்றார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் திருப்பாமல் போக முடியும் என்று நம்பிய ஒரே மனிதர் அவர்தான். ஆனாலும் முயன்றார். எதிரே லாரி வந்தாலும் அரைச்சாண்தான் ஒதுங்கினார். சாலை லேசாக வளைகிற இடங்களில் ஹாரனைப் பிடித்து அமுக்கினார். அதற்கு மேல் வளைந்தால் தொண்டையைக் கனைத்து மேலாளரிடம் குடும்ப நலம் விசாரித்தார்.

“பெரிய பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கீங்களா சார்?” அடியில் ‘டங்’.

“இன்னய்யா அது சத்தம்?”

“ரோடு சரியில்ல சார்.”

விக்கிரவாண்டிக்கு முன்னால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இடது முன்டயர் பஞ்சர். இறங்கிப் பார்த்தோம். போன மாதம் போட்ட டயர், மொட்டையாகத் தேய்ந்திருந்தது. மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “இதோட சரி டாக்டர். இத எடைக்குப் போட்டுடலாம்” என்றார். எனக்கு அழுகை வரவில்லை. சங்கிலியும் இடுக்கியுமாகப் பஸ்ஸில் நிற்கும் என் உருவம்தான் கண்முன் வந்தது.

டிரைவர் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு ஜாக்கியை வைத்து ஏற்றினார். டயர் தரையை விட்டு எழும்பிய அந்த நொடியில் அடியில் எதுவோ வெடித்ததுபோல ‘டொம்’ என்றது. யாரும் தொடாமல் அந்தச் சக்கரம் தானாகவே படக்கென்று கால்வட்டம் சுற்றி நின்றது.

டிரைவர் ஜாக்கிக் கம்பியைப் போட்டுவிட்டு வயலுக்குள் ஓடினார். “அம்மா! தொடாதீங்க! காத்து சேட்டை!” மேலாளர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையின் மறுபக்கம் போய்விட்டார். நான் மட்டும் நின்றேன். தைரியத்தால் இல்லை. கன்று உள்ளே முறுக்கிக்கொண்டு கிடந்து, கர்ப்பப்பை முறுக்கு விடுபடும்போது கைக்குத் தட்டுப்படுமே, அதே உதறல். இத்தனை நாளாகச் சக்கரங்களுக்கு நடுவே ஏறிக்கிடந்த முறுக்கு, ஒரு சக்கரம் அந்தரத்துக்குப் போனதும் அவிழ்ந்துவிட்டது. முறுக்கு இருந்ததால்தான் அன்று கம்பி வரவில்லை.

ஓடிப்போய் உள்ளே கையை விட்டு அந்தக் குட்டைக் கம்பியைத் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நழுவிப் போனது. திரும்பி வந்து, அந்தரத்தில் இருந்த சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ராட்டினம்போலச் சுற்றியது.

வயலுக்குள்ளிருந்து டிரைவர் கத்தினார். “பூடுச்சாம்மா?”

“பூடுச்சி. வாங்க.”

மாற்று டயர் போட்டுக் கிளம்பினோம். விக்கிரவாண்டியில் டீக்கடை முன்னால் இருந்த வெட்டவெளியில் டிரைவர் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஒரு வட்டம் அடித்தார். சத்தம் இல்லை. இன்னொரு வட்டம். மேலாளர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மூன்றாவது வட்டம். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் கம்பியைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, “நான் அப்பவே நெனச்சேன்” என்றார்.

என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. விழுப்புரம் அலுவலக வாசலில் இறங்கியதும் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து தட்டிக்கொடுத்தார். “நல்ல கண்டிஷன்ல இருக்கு டாக்டர். இது ஹெட் ஆபீஸ்லயே இருக்கட்டும். உங்களுக்கு ஒரு மொபெட் ஏற்பாடு பண்றேன்.”

நான் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் திரும்பினேன். மொபெட் வந்தது. எதிர்க்காற்றில் அது என்னை விட மெதுவாகப் போகும் என்பதால் சில இடங்களில் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். டிரைவரை ஜீப்போடு விழுப்புரத்தில் வைத்துக்கொண்டார்கள். பார்க்கும்போதெல்லாம் அவர் மேலாளரைத் திட்டினார்.

அடுத்த மழைக்கு முன்பே ஒரு மத்தியானம் ஜீப் என் வாசலில் வந்து நின்றது. டிரைவர் தன் துணிப்பையோடு இறங்கினார். மேலாளர் வருகிற விருந்தாளிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு, நான்கு சக்கர இழுவை எப்படி வேலை செய்கிறது என்று தானே கம்பியை இழுத்துக் காட்டுவாராம். கொதிக்கிற தார்ச்சாலையில் காட்டுவாராம். விளக்கிவிட்டு, கம்பியைத் திரும்பத் தள்ள மறந்துவிடுவாராம். கடைசியில் ஒருநாள், நகரத்திலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது கடைத்தெரு வளைவில் ‘டங்’ என்று விழுந்த அடியில், அந்த ஆள் வெற்றிலையை விழுங்கிவிட்டாராம்.

“இந்தச் சனியன் அந்தம்மாவுக்குத்தான் லாயக்குன்னு சொல்லி ஜல்தியா கெளப்பி வுட்டுட்டாரு” என்றார் டிரைவர். “கம்பிய நான் வர்ற வழியிலயே ஜாக்கி போட்டுத் தள்ளிட்டேம்மா. இந்த தடவ ஓடல.”

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் பிரம்மதேசம் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்துவிட்டார். அவருடைய பசு காலையிலிருந்து கன்று போட முடியாமல் கிடந்தது. சைக்கிளைப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு மூவரும் கிளம்பினோம். கன்றின் தலை திரும்பிக் கிடந்தது. நான் உள்ளே கைவிட்டுத் தலையை நேராக்கியதும், டிரைவர் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். கிடேரி. ஈரத்தோடு தரையில் விழுந்து தும்மியது.