ஒரு லெவுக்கு எத்தனை படம்

பிளவ்டிவ் நகரத்து டிராக்கியா குடியிருப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகள் மெக்கானிக் ராடோஸ்வெத்தின் தயவில் ஏறி இறங்குகின்றன. வயது நாற்பத்து நான்கு. "லிஃப்ட் வரல" என்று எவர் அழைத்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கதவை ஒழுங்கா சாத்துனீங்களா?" பத்துக்கு ஒன்பது பேர் சாத்தியிருக்க மாட்டார்கள். மனித குலத்தைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயம் இந்தக் கணக்கில் பிறந்ததுதான்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு வாரமாக நிலைகொள்ளாமல் தவித்தார். காரணம், டாங்கி விளையாட்டு. பள்ளித் தோழர்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து, வாரத்துக்கு மூன்று நாள் ஐரோப்பாவைக் காப்பாற்றி வந்தார்கள். போன வசந்தத்திலிருந்து ராடோவின் திரை மட்டும் திக்கித் திக்கி நகர்ந்தது. நொடிக்கு இருபத்திரண்டே படம். இவர் எதிரியைக் காண்பதற்குள் எதிரி இவரைச் சுட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பான்.

குழுத் தலைவன் பென்சோ முடிதிருத்துகிறவன். கழுத்தருகே கத்தி வைத்துப் பேசிப் பழகியவன்.

"டேய் ராடோ, சனிக்கிழமை போட்டி. அதுக்குள்ள வேற கிராஃபிக்ஸ் கார்டு போடு. இல்லன்னா உன் எடத்துல என் மச்சானை உக்கார வெச்சிருவேன்."

"உன் மச்சானா? அவன் டாங்கிய ரிவர்ஸ்லயே ஓட்டுறவன்டா!"

"ரிவர்ஸ்ல போனாலும் நிக்காம போறான்ல?"

குழுவில் அது பதினெட்டு வருடத்து இருக்கை. ராடோ உடனே ஒரு அட்டவணை தயாரித்தார். முப்பத்தேழு கார்டுகள். விலை, நொடிக்கு எத்தனை படம் காட்டும், இரண்டையும் வகுத்தால் ஒரு லெவுக்கு, அதாவது அந்த ஊர் நாணயம் ஒன்றுக்கு, எத்தனை படம். காலையில் முதலிடத்தில் இருந்த கார்டு மாலையில் ஆறாம் இடத்துக்குச் சரியும். வாங்கப் போனால் வேறொரு கடையில் விலை இறங்கும். அடுத்த மாதம் புதிய கார்டு வருகிறது என்று எவனோ எழுதுவான். எல்லாவற்றையும் தாண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதற்குப் பழைய பவர் சப்ளை போதாது. பெரிய பவர் சப்ளை வாங்கினால் கணினிப் பெட்டி போதாது. லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டும் போனில் விலை பார்த்தார்.

"பெட்டிக்கு மேசை பத்தாது, மேசைக்கு வீடு பத்தாதுன்னு போகுமா?" என்றாள் மனைவி ஸ்னெஜானா. "எனக்கு மோதிரம் வாங்குறப்ப நாலே நிமிஷத்துல முடிச்ச."

"அப்ப அட்டவணை இல்ல."

"அது மட்டும்தான் இல்லையா?"

வியாழக்கிழமை ஒருவழியாக முடிவானது. பல் கட்டும் வேலை செய்யும் பாய்கா என்ற பெண்மணி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழாவது மாடியில் இருப்பவர், தன் கார்டை இருநூற்றெண்பது லெவுக்கு விற்கிறார். "உங்க பெட்டியத் தூக்கிட்டு வந்துருங்க. போட்டுப் பாத்து, பிடிச்சா எடுத்துக்கங்க" என்றார் போனில்.

வெள்ளி மாலை ராடோ கணினிப் பெட்டியைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். லிஃப்ட் வரவில்லை. படியில் ஏறினார். நான்காவது மாடியில் லிஃப்ட் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. முழங்கையால் சாத்தி, அதிலேயே மிச்சத்தை ஏறினார்.

"லிஃப்ட்லயா வந்தீங்க? ரெண்டு நாளா படி ஏறிச் சாகுறோம்!" என்று வியந்தார் பாய்கா.

"ஜனங்களுக்குக் கண்ணே கிடையாதுங்க. கதவு சாத்தியிருக்கான்னு பாக்க மாட்டாங்க, மெஷினைத்தான் திட்டுவாங்க."

பாய்கா கார்டை நீட்டினார். சிகரெட் புகை பட்டதா, தூசியில் வெந்ததா என்று அறிய ராடோ அதை மூக்கருகே கொண்டுபோனார். பழைய கார்டு வாங்குவோரின் சாஸ்திரம் அது.

"மோந்து பாக்க அது என்னங்க, சீஸா?" என்று வாங்கி வைத்தார் பாய்கா. "முதல்ல உங்க பழசு என்ன வேகம்னு பாப்போம். அப்பதான் வித்தியாசம் தெரியும்."

தன் திரையின் வயரைப் பெட்டியில் சொருகி, விளையாட்டை ஓட்டினார். டாங்கி வெண்ணெயில் கத்திபோல் ஓடியது. மூலையில் எண் நின்றது: எழுபத்தொன்று.

ராடோ திரையைத் தட்டிப் பார்த்தார். "உங்க மானிட்டர் உசத்தியோ?"

"மானிட்டர் என்னங்க பண்ணும்? வீட்டுல வயரை எங்க சொருகுவீங்க?"

ராடோ பெட்டியின் பின்புறம் மேலே இருந்த துளையைத் தொட்டுக் காட்டினார்.

"அது மதர்போர்டோட ஓட்டை. கார்டோடது கீழ. மேல சொருகினா படம் கார்டு வழியா வரவே வராது. இத்தனை நாளா உங்க கார்டு சும்மா காத்தாடி சுத்திக்கிட்டு உக்காந்திருக்கு."

போன வசந்தத்தில் ஸ்னெஜானா சுவருக்கு வெள்ளையடிக்க மேசையை நகர்த்தியதும், "யாரும் வயரைத் தொடாதீங்க, அது நிபுணர் வேலை" என்று தாமே திரும்பச் சொருகியதும் அவருக்கு நினைவு வந்தது.

பாய்கா சிரிப்பை அடக்கவே இல்லை. "கதவு சாத்தல போல."

சனிக்கிழமை குழு இரண்டாம் இடம் பிடித்தது. ராடோ மட்டும் பதினோரு டாங்கிகளை வீழ்த்தினார். இருக்கை நிலைத்தது. உடனே ஹெட்போனில் பென்சோ: "எந்தக் கார்டுடா? எவ்வளவு? மச்சானுக்கும் ஒண்ணு வாங்கணும்."

"இரு, அட்டவணையில பாத்துச் சொல்றேன்."

ராடோ முப்பத்தெட்டாவது வரியைச் சேர்த்தார். விலை: பூஜ்யம். படம்: எழுபத்தொன்று. ஒரு லெவுக்கு எத்தனை? பூஜ்யத்தால் வகுக்க மாட்டேன் என்று கட்டம் சிவந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். எதிர்முனையில் பென்சோ காத்திருந்தான்.

"கார்டு கிடக்கட்டும்" என்றார் கடைசியில், லிஃப்ட் புகார் கேட்கும் அதே குரலில். "முதல்ல உன் மச்சான் வயரை எங்க சொருகியிருக்கான்னு கேளு. பத்துக்கு ஒம்போது பேரு தப்பாத்தான் சொருகுறானுங்க."