உப்புப் படாத மூலை

அவளை எல்லோரும் வாளி என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கப் பழகிய நாளிலிருந்து அப்பாவின் பின்னால் வாளியோடு அலைகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இப்போது இருபது வயது. தோளும் பலம், வாயும் பலம். தொழில், வீடு கழுவுவது. தூசி தட்டுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பேய் இருக்கிற வீட்டை உப்புத் தண்ணீரால் கழுவி, குடிவருகிறவர்களிடம் ஒப்படைக்கிற வேலை.

இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. உப்புப் பட்ட தரையில் பேய் கால் வைக்காது. மூலைமுடுக்கு விடாமல் துடைத்தால், நிற்க இடமின்றித் தெருவுக்குப் போய்விடும். வேறு வீட்டுத் தரை கிடைக்காவிட்டால் பொழுது சாய்வதற்குள் கரைந்துவிடும். துடைக்கும்போது அது ஏதாவது பேசும்; பதில் மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் சொன்னவர் பின்னாலேயே வந்துவிடும். அப்பா இதில் கருங்கல். ஒரு வக்கீல் பேய் அரைநாள் வாதாடியும் அவர் வாயைத் திறக்கவில்லை. அப்படியும் எதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதென்று சொந்த வீட்டையும் வாராவாரம் உப்புப் போட்டுக் கழுவுவார்.

ஒருமுறை கழுவக் கிடைத்த மாடிவீடு பெரியது, ஒரு வாரத்து வேலை. கீழே அப்பா, மேலே மகள். மேலே இருந்த பேய் ஒரு தையல்காரப் பையன். வாடகைக்கு இருந்து, காய்ச்சலில் போனவன். வாளியைவிட ஒரு வயது மூப்பு, வாயிலும் அவளுக்குக் குறைந்தவன் இல்லை.

"அந்த மூலையை விட்டுட்ட" என்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு துடைத்தாள்.

"சட்டைக் கை ஒரு பக்கம் நீளம். எவன் தைச்சான்?"

தைத்ததே அவள்தான். பொறுக்குமா?

"நான்தான் தைச்சேன்! குறை சொல்ற வாய்க்கு, நீயே வந்து துடை!"

அவ்வளவுதான். கொட்டிய பாலும் சொல்லிய சொல்லும் திரும்பவா போகின்றன? மறுநாள் அவன் சட்டைக் கையைப் பிரித்துத் தைக்கச் சொல்லிக்கொடுத்தான். அதற்கு மறுநாள் அவள் தெருக்கதை எல்லாம் சொன்னாள். அவள் படியேறும் சத்தம் கேட்டாலே சிரித்துக்கொண்டு கதவருகே வந்து நிற்பான். வாளியை வேலைக்குக் கூப்பிட ஆயிரம் பேர் உண்டு. வரமாட்டாளா என்று காத்திருக்க ஒருவர் இருந்ததில்லை. மறைப்பானேன், அவளுக்கு அவன்மேல் உயிர்.

கடைசி நாள் எல்லாம் துடைத்தாள், கதவுக்குப் பின்னால் இரண்டு பாதம் அளவு இடத்தைத் தவிர. அப்பா வெறுங்காலோடு சரிபார்க்க வந்தார். கண்ணை அவர் நம்பமாட்டார். உள்ளங்காலில் உப்பு நறநறக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் வழவழவென்று இருந்தது.

"பேசிட்டியா?"

"பேசிட்டேன்ப்பா."

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்னு தெரியாதா? உனக்கு வயசாகும். அவனுக்கு ஆகாதுடி."

அவள் கெஞ்சினாள். அவர் வாளியை வாங்கி, தானே அந்த மூலையைத் துடைத்தார். நிற்க இடமில்லாமல் பையன் படியிறங்கினான். அவர்கள் பின்னாலேயே தெருவில் வந்தான். அவர்கள் வீட்டு வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டான், உள்ளே ஒரே உப்பு. பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

வாளிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். "கழுவணும்னா நல்லாவே கழுவுவோம்!" என்று அடுப்புக்குப் பக்கத்து மூலையில் துணியை ஓங்கினாள். வழுக்கும், வழுக்கும் என்று சின்ன வயதிலிருந்து அப்பா அவளைத் துடைக்கவிடாத மூலை.

"அங்க வேண்டாம்!"

வக்கீல் பேய்க்கும் அசையாத மனிதர் அலறினார். வாளி துணியைப் பிடித்தபடியே காலை மெல்ல எட்டி வைத்தாள். வழவழவென்று இருந்தது. இரண்டு பாதம் அளவு.

"யாருப்பா?"

அவர் சுவரில் சாய்ந்தபடி கீழே உட்கார்ந்தார்.

"உங்கம்மா. நீ கைக்குழந்தையா இருந்தப்ப போனவ. நீ தூங்கினப்புறம்தான் கண்ணுக்குத் தெரிவா, பாடுவா. அதான் உனக்குக் கேட்டதில்ல. இன்னும் அதே வயசுலதான் இருக்கா. என் நரையைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறா."

"அது கஷ்டமா இல்லையாப்பா?"

"கஷ்டந்தான்" என்றார். "அவ இல்லாம இருக்கறது அதைவிடக் கஷ்டம்."

அடுப்போரம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெண்குரல். "பையன் வெளியில நிக்கிறான். பேச்சு அப்புறம் ஆகட்டும்."

வாளி அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா எழுந்தார். குழாயடியிலிருந்து நல்ல தண்ணீர் பிடித்துவந்து, முன்கதவுக்குப் பின்னால் மண்டிபோட்டு, தரையில் இருந்த உப்பைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். வாழ்நாளில் உப்பை எடுக்க அவர் துணி பிடித்தது அன்றைக்குத்தான்.

"கூப்பிடு அவனை. வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லிடு. சம்மதம்னா வரட்டும்."

அவள் கூப்பிட்டாள். வாசல்படியில் காலை வைத்தவன் தரையை ஒருமுறை உற்றுப் பார்த்தான்.

"மாமா, மூலையில இன்னும் கொஞ்சம் உப்பு இருக்கு."

எத்தனையோ பேய்களுக்கு வாய் திறக்காத மனிதர், துணியைத் தொப்பென்று அவன் காலடியில் போட்டார்.

"வந்து நீயே துடைடா!"